ஒருவர் குறைந்ததால் உயர்ந்த எங்கள் நிலை குறித்து

அனுப்புநர்:
அச்சகப் பிழைதிருத்துநர்,
கதவு எண் 14, மாடி,
சலவைக்கூடத் தெரு.

பெறுநர்:
வறுமைக் கணக்கெடுப்பு அலுவலர்,
நலத்திட்ட அலுவலகம்.

பொருள்: என் தம்பியின் இறப்பை எங்கள் வீட்டின் முன்னேற்றமாகப் பதிந்து, அம்மாவின் டயாலிசிஸ் அட்டையை ரத்து செய்தது – மறுஆய்வு கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த மாதம் ஒன்பதாம் தேதி தங்கள் கணக்கெடுப்பாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கிடங்கில் சுமை தூக்கி வீட்டை நடத்திவந்த என் தம்பி இறந்து அன்று பன்னிரண்டாம் நாள். கணக்கெடுப்பாளர் வாசலிலேயே நின்று, பக்கத்து வீட்டாரும் கேட்கும்படி, "நேத்து ராத்திரி இங்க எத்தனை பேர் படுத்தீங்க?" என்றார். அம்மா, "மூணு பேர்" என்றார். "ரெண்டு பேர்தாம்மா" என்று திருத்தியவள் நான்.

2. இரண்டு அறைகளில் மூவர் இருந்தால் நெருக்கடி, இருவர் இருந்தால் போதிய வசதி என்பது தங்கள் படிவத்தின் விதி. அதன்படி எங்கள் மதிப்பெண் உயர்ந்து, ஏழைகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டோம். போனவர் சம்பாதித்தவரா என்று கேட்க அதில் இடமில்லை. நிரப்பிய படிவத்தை எங்களுக்குக் காட்டவுமில்லை. அலுவலகத்தில் எழுத்தர், "இப்ப உங்க வீட்ல இடம் தாராளமா இருக்கேம்மா. கம்ப்யூட்டர் அப்படித்தான் சொல்லுது" என்றார். அவர் கடுமையாகச் சொல்லவில்லை. அம்மாவுக்கு நாற்காலிகூட இழுத்துப் போட்டார்.

3. வாரம் இருமுறை இலவச டயாலிசிஸ் பெற உதவும் அட்டை இம்மாத இறுதியில் செல்லாததாகிவிடும். என் சம்பளத்தில் மாதத்துக்கு இரண்டு முறைதான் கட்டுப்படியாகும்.

4. இறந்தவனை உயிரோடு இருப்பவனாக எழுதும்படி நான் கேட்கவில்லை. கேள்விகளைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பதும், எழுதியதை எங்களுக்குக் காட்டுவதும், மறுத்துப் பேச ஒரு நாள் தருவதும் எங்கள் உரிமை. ஒரு சாவு வசதிக் கணக்கில் சேராதபடி படிவத்தைத் திருத்தவும், மறுஆய்வு முடியும்வரை அட்டையை நீட்டிக்கவும் வேண்டுகிறேன்.

5. அவசரத்துக்குக் காரணம் உண்டு. தம்பி படுத்த அறைக்குள் நாங்கள் இருவரும் இன்னும் போகவில்லை. தங்கள் பதிவேட்டில் அதுதான் எங்கள் வசதி. சென்ற திங்களன்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னபோது அம்மா எழுந்திருக்கவில்லை. சிரித்துக்கொண்டே, "நானும் போயிட்டா ரெண்டு ரூமும் உனக்குத்தானடி. இன்னும் வசதியாயிடுவ" என்றார். வியாழனன்று கெஞ்சி அழைத்துப் போனேன். வரும் திங்களுக்கு உறுதியில்லை.

அவர் போவது எனக்கு வசதியில்லை என்று நான் சொன்னால் அம்மா நம்புவதில்லை. அலுவலகம் சொன்னதை அலுவலகம்தான் மாற்ற முடியும் என்கிறார். ஆகவே தங்கள் முத்திரையுடன் ஒரு வரியாவது திங்களுக்கு முன் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

இடம்: மேற்கண்ட முகவரி
நாள்: 18ஆம் தேதி, சனிக்கிழமை

இப்படிக்கு,
(ஒப்பம்)
கதவு எண் 14இல் மீதமிருக்கும் இருவரில் மகள்