ஒரே பாத்திரம்

முத்தியால்பேட்டை, பாண்டிச்சேரி
16-1-1979

பாசத்துக்குரிய மருமகள் லூர்துசெல்விக்கு, மாமன் மிக்கேல் கர்த்தருடைய சமாதானம் சொல்லி எழுதுவது.

பட்டணத்தில் நர்ஸ் வேலை எப்படிப் போகிறது? இங்கே உன் மாமன் ஒரு சரித்திரமே பண்ணிவிட்டேன். நம் சபையில் இராப்போஜனத்தின்போது ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் திராட்சரசம் தருவார்களே, அதை நிறுத்திவிட்டேன். "வேதத்துல எத்தினி பாத்திரம் இருந்துச்சி, சொல்லுங்கய்யா!" என்று எழுந்து கேட்டேன். ஆராதனையில் வேதத்தில் இல்லாதது ஒரு துரும்புகூட இருக்கக் கூடாது. நாற்பது கிண்ணங்களையும் தேங்காய்த்திட்டுக் கழிமுகத்தில் நானே தண்ணீரில் வீசினேன். மீன் ஏலத்தை நிறுத்திவிட்டு ஐந்நூறு பேர் கைதட்டினார்கள். நான் படித்தது ஆறாவதுதான், பி.ஏ. படித்த மூப்பர் ராஜாங்கம் என் காலில் விழாத குறை.

ஒரு சின்ன விஷயம். இப்போது எல்லாருக்கும் ஒரே பாத்திரம், கொடுப்பதும் நான்தான். உன் அம்மா வாய் வைத்தபின் குடிக்கச் சனங்கள் தயங்குகிறார்கள். டி.பி. வந்தவள் அல்லவா? கூடப்பிறந்தவள் என்றும் பார்க்காமல், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். தலையாட்டினாள்.

சபையைத் திருத்திய மாமன்,
மிக்கேல்

சென்னை
27-1-1979

மாமாவுக்கு வணக்கம்.

அம்மாவின் சளியில் கிருமி இல்லை என்று கோரிமேட்டு டி.பி. ஆஸ்பத்திரி டாக்டர் எழுதிக் கொடுத்து நாலு மாதம் ஆகிறது. அந்தச் சீட்டை உங்களிடம் காட்டினாளாம். இருக்கட்டும், கடைசி ஆளாகவாவது கொடுங்கள். அவளுக்குப் பிறகு யாரும் குடிக்க வேண்டாம். பாத்திரம் ஒன்று என்று இருக்கும் அதே இடத்தில் எல்லாரும் குடிக்க வேண்டும் என்றும் இருக்கிறதே, மாமா. அப்பா போனபின் அவளுக்கு வாரத்தில் அந்த ஒரு வாய்தான் உயிர். கெஞ்சிக் கேட்கிறேன்.

லூர்துசெல்வி

பாண்டிச்சேரி
6-5-1979

அன்பு மருமகளே,

டாக்டர் சீட்டு வேதமா? தீட்டுள்ளவர்கள் பாளயத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது மோசே காலத்துச் சட்டம். தேடி எடுத்தது நான்.

ஈஸ்டர் அன்று வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு உன் அம்மா தானாகவே முன்னால் வந்து கை நீட்டினாள். பாத்திரத்தை உயரத் தூக்கிக்கொண்டேன். "தங்கச்சி, இத நீ தொட்டா ஆக்கினைதான்!" என்றேன். "சரிண்ணே" என்று திரும்பிப் போனாள். அதன்மேல் மூன்று மணி நேரம் பிரசங்கம் பண்ணினேன். தெருவில் போன பிரெஞ்சுப் பாதிரியார் ஒருத்தர் ஜன்னல் வழியே "பிராவோ!" என்றார்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வந்து கூட்டிக்கொண்டு போ.

மிக்கேல் மாமா

சென்னை
2-7-1979

மாமா,

அம்மா போன வியாழக்கிழமை இறந்துவிட்டாள். இங்கேயே அடக்கம் செய்துவிட்டேன்.

எங்கள் சபைப் போதகர் அவளுக்கென்றே பாத்திரத்தோடு, நான் அவளைச் சேர்த்திருந்த வார்டுக்கு வந்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "வாணாங்கய்யா. எங்கண்ணன் வேதத்துல பாத்துச் சொல்லியிருக்காரு, நான் தொடக் கூடாது." அவர் வேதத்தைத் திறந்து வாசித்தும் காட்டினார். "எங்கண்ணனுக்குத் தெரியாததா?" என்றாள். மூன்று முறை வந்தார். மூன்று முறையும் அதேதான்.

கடைசி நாள், காய்ந்துபோன உதட்டை ஈரத் துணியால் துடைத்தேன். பயந்துபோய், "இது அது இல்லியே?" என்று கேட்டாள்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

லூர்துசெல்வி

பாண்டிச்சேரி
11-7-1979

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதத்தை ஞாயிறு ஆராதனையில் நானே எழுந்து நின்று வாசித்தேன். சாகும்போதும் கீழ்ப்படிந்தாளே, யார் தங்கை அவள்! ராஜாங்கம் தேம்பிவிட்டார். உன் கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டேன். சின்னப்பெண் கோபம், சபைக்கு எதற்கு? அடுத்த மாதம் கனகசெட்டிக்குளத்துக் கூட்டத்திலும் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். எப்படியும் ஆயிரம் பேர் வருவார்கள்.

"இது அது இல்லியே?" என்று கேட்டாளே, அதற்கு நீ என்ன சொன்னாய் என்று எழுதவில்லை. சனங்கள் கேட்கிறார்கள். கூட்டத்துக்கு முன்னால் எழுதி அனுப்பு.

மிக்கேல் மாமா