உயிரோடிருந்த அப்பாவுக்குப் பதினோரு திவசம்

இரண்டு தடவை செத்துப்போன என் அருமை அப்பாவுக்கு,

முதல் தடவை நீங்கள் செத்தபோது கொள்ளி வைத்தவன் நான்தான். இரண்டாவது தடவை ஒரு பிடி மண் போடக்கூட நான் வரவில்லை. இதை அச்சில் போடக் கொடுக்கப் போகிறேன். மாட வீதி முழுக்கப் படிக்கட்டும்.

நீங்கள் ஞானஸ்நானம் பெற்ற சேதி வந்த அன்றே பெரியப்பா முடிவு கட்டிவிட்டார். "என் தம்பி செத்துட்டான். ஆக வேண்டியதைப் பார்ப்போம்" என்றார். தர்ப்பையில் ஓர் ஆள் உருவம் கட்டினார்கள். உங்கள் கோத்திரமும் பெயரும் சொல்லி நான் அதற்கு நெருப்பு வைத்தேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. விவரம் தெரியாத பிள்ளை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு வழியில்லை.

புல்லை எரிப்பதோடு விட்டிருந்தால் தேவலை. புருஷன் செத்தவளுக்குத் தாலி எதற்கு, முடி எதற்கு என்று பேச்சு வந்தது. சாஸ்திரத்தில் அப்படித்தான் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. பத்தாம் நாளுக்கு நாவிதனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள் பெரியப்பா என்னை உங்களிடம் தூது அனுப்பினார். நீங்கள் மனசு மாறி வந்து பிராயச்சித்தம் செய்துகொண்டால் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்றார்.

அடையாற்றில் நீங்கள் தங்கியிருந்த ஓட்டு வீடு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பாய், கூஜா, உங்கள் பைபிள் புத்தகம். வேறொன்றும் இல்லை. "நாளைக்கு அம்மாவுக்கு முடி எடுக்கப்போறா. உங்க புது சாமியைத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்கோ அப்பா" என்றேன். நீங்கள் சுவரில் தலையை வைத்துக்கொண்டு அழுதீர்கள். நான் அதுவரை நீங்கள் அழுது பார்த்ததில்லை.

"அந்த ஒரு வார்த்தைதான்டா என்னால முடியாது. அம்மாகிட்ட சொல்லு, நான் உயிரோடதான் இருக்கேன்னு. இப்பவே அழைச்சுண்டு வா. அவ சாமியை அவ கும்பிடட்டும், நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். வந்தா மட்டும் போதும்."

நான் திரும்பி வந்தேன். கூடத்துத் தூணுக்குப் பின்னால் நின்றபடி அம்மா, "என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பெரியப்பாதான் என்னைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். அம்மா படி இறங்கினால் என் படிப்பு நின்றுபோகும். உங்கள் மேல் கோபமும் இருந்தது. எங்களைவிட அந்தப் புதுச் சாமி உங்களுக்குப் பெரியவராகப் போய்விட்டாரே என்ற கோபம். மறுநாள் காலையில் கிணற்றடியில் அம்மாவை உட்கார வைத்தார்கள். நான் மாடிக்குப் போய்ப் புத்தகத்தை விரித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் இந்த ஊர் உங்களைப் பிணமாகவே நடத்தியது. பள்ளிக்கூட வேலை போயிற்று. எதிரே நீங்கள் வந்தால் பெரியப்பா வீட்டுக்குத் திரும்பி வந்து தலைமுழுகுவார். குளக்கரையில் உங்கள் தலையில் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். ஊற்றியவனுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பட்டினப்பாக்கம் குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரப் போனீர்களாம். திருப்பித் திட்டியிருக்கக் கூடாதா அப்பா? எங்களுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

மூன்றாம் வருஷத் திவசத்தன்று வாசலில் நின்று காக்கையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். தெருக்கோடியில் நீங்கள் நின்றீர்கள். உங்கள் பெயரைச் சொல்லி வைத்த சோற்றைக் காக்கை கொத்துவதை நீங்களே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மறுவாரம் லஸ்ஸில் டிராமுக்கு நின்றபோது பக்கத்தில் வந்து, "வடை நன்னா வந்திருந்ததாடா? வாசனை தெருக்கோடி வரைக்கும் வந்தது" என்று கேட்டீர்கள். நான் தெரியாதவன் மாதிரி டிராமில் ஏறிவிட்டேன்.

போன திங்கட்கிழமை குப்பத்திலிருந்து ஒரு மீன்காரம்மா வந்தாள். கூடையைத் தெருவிலேயே இறக்கிவிட்டு, படி ஏறாமல் நின்றாள்.

"சாமி, உங்க நைனா விடிகாலைல பூட்டாரு. சாயங்காலம் பொதைக்கிறாங்க. எம் புள்ளைக்குக் கணக்கு சொல்லிக்கினு இருந்தவரு. பெத்த புள்ள ஒரு பிடி மண்ணு போட வாணாமா? அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

ஊஞ்சலில் இருந்தபடியே பெரியப்பா, "போனவன் பதினோரு வருஷத்துக்கு முன்னாடியே போயிட்டான். ஒருத்தனுக்கு ரெண்டு சாவு கிடையாது. இந்த ஆத்துல தீட்டும் இல்லை" என்றார். அன்று மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்துக் கட்டுகிற புது நகரில் அவர் மனை வாங்கிய சந்தோஷம். இலையில் பாயசம் இருந்தது. நானும் சாப்பிட்டேன்.

சாயங்காலம் அங்கே உங்கள் மேல் மண் விழுந்துகொண்டிருந்த நேரம். இங்கே கொல்லையில் அம்மா அப்பளத்தைக் காயவைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் உட்கார்ந்து அந்த ஒன்பதாம் நாளைச் சொன்னேன். நீங்கள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அம்மா அப்பளத்தை அடுக்குவதை நிறுத்தவில்லை.

"என்னைக் கூப்பிட்டாரா?" என்றாள் கடைசியில்.

"கூப்பிட்டார்."

"அன்னிக்கு ரெண்டு புடவையை மூட்டை கட்டிக் கொல்லைக் கதவண்டை வெச்சிருந்தேன். நீ ஒண்ணும் சொல்லலைன்னதும் பிரிச்சு மடிச்சு வெச்சுட்டேன். மறுநாள் அழுதேனே, எல்லாரும் முடிக்கு அழறான்னு நெனச்சா. கூப்பிடலையேன்னு அழுதேன்டா."

அம்மா மறுபடி பேசினாள். "பதினோரு வருஷம் சுமங்கலியா இருந்திருக்கேன். மொட்டைத் தலையோட, என் ஆம்படையான் திவசத்துக்கு நானே வடை தட்டிண்டு. இன்னிக்குத்தான் நான் நெஜமா தாலி அறுத்தேன். இன்னிக்கு இலையில பாயசம்."

அவள் என்னை ஓர் அறை அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். "நீ எம்பிள்ளை. உன்னை எங்கே கொண்டுபோய்த் தள்றது?" என்று சொல்லிவிட்டு அப்பளத் தட்டோடு உள்ளே போய்விட்டாள்.

உங்கள் புத்தகத்தில் ஒருவர் குருவைத் தெரியாது என்று மூன்று தரம் சொன்னாராம். பிறகு வெளியே போய் அழுதாராம். நான் வருஷம் தவறாமல் பதினோரு தரம் மந்திரத்தோடு சொல்லியிருக்கிறேன். நான் எங்கே போய் அழ? உங்களை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் வாய் வரவில்லை. நீங்கள் மன்னித்துவிடுவீர்கள் என்று தெரியும். அதுதான் பயமாக இருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாவை உங்களிடம் அழைத்து வருகிறேன். ராத்திரியில் ஒளிந்து இல்லை, பட்டப்பகலில், மாட வீதி வழியாக. முக்காடு போடாமல்தான் வருவேன் என்கிறாள். "அவர் பார்க்கட்டும். வழியில இருக்கிறவாளும் பார்க்கட்டும்" என்கிறாள். திரும்பி வரும்போது பெரியப்பாவின் கதவு சாத்தியிருக்கும். உள்ளே எனக்கும் ஒரு தர்ப்பைப் பொம்மை கட்டிக்கொண்டிருப்பார்கள். கட்டட்டும். உங்களுக்கு இனி நான் திவசம் செய்யமாட்டேன், இது சத்தியம். யாராவது கேட்டால், என் அப்பா குப்பத்து வாத்தியார், போன திங்கட்கிழமைதான் செத்தார் என்று சொல்வேன்.

இப்படிக்கு,
உயிரோடிருந்த உங்களுக்குக் கொள்ளி வைத்த
உங்கள் மகன்