எங்கள் கடைக்கு அடியில் போகும் தெரு

செப்டம்பர் 14

அன்புள்ள நேவியோ அண்ணாவுக்கு,

எர்சிலியா எழுதுகிறேன். நானும் கடையும் நலம். ரொசாரியோவில் உனக்கு முதுகுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் லைன் சரியில்லை என்று வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதம்.

தண்ணீர்க் குழாய் மாற்ற ஜூனில் நம் தெருவைத் தோண்டினார்கள். இரண்டரை மீட்டர் ஆழத்தில் ரோமானியர் போட்ட தெரு ஒன்று வந்துவிட்டது. பெரிய பெரிய பாவுகற்கள். அவற்றின் மேல் வண்டிச் சக்கரங்கள் தேய்த்த இரண்டு தடங்கள். என் வாசலுக்கு இப்போது பலகை மேல் நடந்துதான் வரவேண்டும். வயதானவர்கள் பாஸ்தா வாங்க வருவதை நிறுத்திவிட்டார்கள். எதிர்க்கடை கசாப்புக்காரர் ஆல்வாரோ தினமும் வாசலில் நின்று, “ரெண்டாயிரம் வருஷம் சும்மா கெடந்துச்சு, என் கடை ஓடுறப்பதான் எந்திரிக்கணுமா” என்று புலம்புகிறார். குழியை மூடச் சொல்லி அவர் எழுதிய மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

தோண்டுகிறவர்களுக்குத் தலைமை தோஃபானி என்ற பெண். முழங்கால் வரை சேற்றோடு மத்தியானம் கடைக்கு வந்து நின்றுகொண்டே சாப்பிடுவாள். அந்தத் தெருவுக்கு அடியில் ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்குக் கல் வடிகால் இருக்கிறதாம், இன்னும் உறுதியாக. ஆகஸ்ட்டில் பெய்த மழையில் அவள் குழிக்குள் நின்று பார்த்திருக்கிறாள். மறுநாள் சாப்பிடாமல் என்னிடம் கேட்டாள்:

“மேட்டுத் தண்ணி மொத்தமும் வடிகால் வழியா உங்க சுவர் வரைக்கும் வருது. அங்க முட்டி, பக்கவாட்டுல கீழத்தெருவுக்குப் பாயுது. சுவருக்கு அந்தப் பக்கம் காஞ்சு கெடக்கு. உங்க நிலவறையில என்ன இருக்கு?”

மாவு மூட்டை இருக்கிறது என்றேன்.

அன்று சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு மூட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தினேன். தரை முழுக்கக் கான்கிரீட். மூலையில், பழைய மதுப் பீப்பாய்க்குக் கீழே, ஆணியால் எழுதியிருந்தது. நேவியோ, 1971.

உனக்குப் பதினொரு வயது, எனக்கு ஐந்து. ஒரு வாரம் கீழே இறங்கக் கூடாது என்று அம்மா என்னை மிரட்டியது நினைவிருக்கிறது. அப்பா ஏன் அந்தக் கற்களை மூடி வடிகாலை அடைத்தார் என்று புரிகிறது. கல்லைக் கண்டதாகச் சொன்னால் கட்டுமானத்தை நிறுத்திவிடுவார்கள், கடை திறக்க முடியாது, நாம் சாப்பிட முடியாது. அதைக்கூட நான் மன்னித்துவிடுவேன். ஆனால் அதற்கு முன் கீழத்தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர்கூட நின்றதில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நவம்பரிலும் நின்றது. அப்பா கடை வாசலில் நின்று பார்த்தார்.

கீழத்தெருவில் செருப்புத் தைத்த காஸ்பரே தன் நிலவறைப் பட்டறையில் தண்ணீரில் மாட்டிச் செத்தபோது கதவை உடைத்து அவரைத் தோளில் தூக்கி வந்தவன் நீ. அடுத்த வசந்தத்தில் அர்ஜென்டினாவுக்குப் போய்விட்டாய். கடையை யார் நடத்துவது என்று நான் போட்ட சண்டையால் போனாய் என்று இத்தனை வருடம் நினைத்தேன். அப்படி நினைக்க நீயும் விட்டுவிட்டாய்.

கட்டடம் இருவர் பெயரிலும் இருப்பதால் தரையை உடைக்க உன் ஒப்பமும் வேண்டும். படிவம் இத்துடன் இருக்கிறது. ஈஸ்டர் வரை கடையைத் திறக்க முடியாது, சுவருக்கு முட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். இருக்கட்டும். நீ அனுப்பாவிட்டால் மேயரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி உத்தரவு வாங்குவேன். எப்படியும் நவம்பர் மழைக்கு அந்தக் கான்கிரீட் அங்கே இருக்காது.

நாளை ஒனோரினாவிடம் போகிறேன். காஸ்பரேயின் மனைவிக்கு இது ஊர் வாயிலிருந்து தெரியவரக் கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தங்கை,
எர்சிலியா

நவம்பர் 9

அன்புள்ள அண்ணா,

உன் ஒப்பம் அக்டோபர் ஐந்தாம் தேதியே வந்து சேர்ந்தது. உறைக்குள் படிவத்தைத் தவிர ஒரு வரிகூட இல்லை. நன்றி.

ஒனோரினாவிடம் போனதைச் சொல்கிறேன். சமையலறையில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே சொன்னேன், உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது. அப்பாவைச் சொன்னேன், கான்கிரீட்டைச் சொன்னேன், வடிகாலைச் சொன்னேன். அவள் கை நிற்கவே இல்லை. எல்லா பீன்ஸையும் உரித்து முடித்த பிறகுதான் தலை நிமிர்ந்தாள்.

“ஒங்க அப்பா எங்க வீட்டுச் சாவுக்கு வந்தாரு. சவப்பெட்டிக்குத் தோள் குடுத்தாரு,” என்றாள்.

எனக்கு அது தெரியும். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“மொதல்ல அத ஒடச்சுப் போடு. மத்ததப் பொறவு பேசிக்கலாம்.”

இருபத்தெட்டாம் தேதி உடைத்தார்கள். முதல் அடி நான் அடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். தோஃபானி மறுக்கவில்லை, தலைக்கவசம் மட்டும் மாட்டிவிட்டாள். என் கையில் கடப்பாரை சும்மா குதித்தது, ஒரு சில்லுதான் பெயர்ந்தது. பிறகு இயந்திரம் வந்தது. நான்கு நாள். கான்கிரீட்டுக்கு அடியில் அதே பாவுகற்கள், அதே வண்டித்தடம், ஒரு பிளவும் இல்லாமல் நேராகப் போகிறது. வடிகாலுக்குள் அப்பா கொட்டியிருந்த மண்ணையும் உடைகல்லையும் கையாலேயே வாரி எடுத்தார்கள். ஆல்வாரோகூட வாளி தூக்கினார். வாய் மட்டும் ஓயவில்லை.

ஆறாம் தேதி மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. நான் கீழத்தெருவுக்குக் குடையோடு போனேன். ஆட்கள் வழக்கம்போல வாசல்களில் மணல் மூட்டை அடுக்கிவிட்டுக் காத்திருந்தார்கள். தெருக் கல் நனைந்திருந்தது, அவ்வளவுதான். தண்ணீர் நம் கடைக்கு அடியில் ஓடுகிற சத்தம் நிலவறைப் படியில் நின்றால் கேட்கிறது. எட்டாம் தேதி காலையில் மூட்டைகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

ஊருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நானே நகராட்சிக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். சிலர் இப்போது என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போகிறார்கள். ஈஸ்டருக்குப் பிறகு கடை திறந்தால் வருவார்களா தெரியாது. திறக்கத்தான் போகிறேன். தரையில் கண்ணாடி போட்டுத் தெருவைத் தெரியும்படி வைக்கலாம் என்கிறாள் தோஃபானி. மாவு எங்கே வைப்பது என்று கேட்டேன், சிரிக்கிறாள்.

நேற்று ஒனோரினா பலகை மேல் நடந்து கடைக்கு வந்தாள். படியிறங்கி, வெகுநேரம் தண்ணீரைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, அன்று கேட்காததைக் கேட்டாள். ஒன் அண்ணனுக்குத் தெரியுமா என்று. பொய் சொல்ல ஒரு நொடி போதும். நான் தெரியும் என்றேன். பதினொரு வயதில் சிமெண்ட் குழைத்தான், முப்பத்தெட்டு வயதில் அந்த உடம்பைத் தூக்கினான், அப்போதுதான் அவனுக்குப் புரிந்திருக்கும் என்றேன்.

அவள் சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்:

“அந்தப் புள்ள ஈரத் துணியோட எங்கிட்ட எதையோ சொல்ல வந்து, சொல்லாமப் போச்சு. எனக்கு எழுபத்தொம்பது வயசாச்சு. வந்து சொல்லச் சொல்லு.”

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் அப்படி எழுதமாட்டேன். வந்து சொல்லச் சொன்னாள், அவ்வளவுதான். உன் அறையில் புது மெத்தை போட்டிருக்கிறேன். உன் முதுகுக்குத் தோதாக, கெட்டியானது.

கடவுள் உனக்குப் பயணத்தைச் சுகமாக்கட்டும், அண்ணா. எந்த விமானம் என்று மட்டும் எழுது. நிலையத்துக்கு நானே வருகிறேன்.

உன் தங்கை,
எர்சிலியா