பாரத்தில் கையெழுத்துப் போடாதே

தூத்துக்குடி,
20-8-1979

அன்பு மகள் இன்பமணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய தயவால் நானும் அப்பாவும் நடமாட்டமாக இருக்கிறோம், அவ்வளவு தூரத்தில் லூதியானா ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி பார்க்கும் உன்னையும் அவர் காக்கும்படி தினமும் கேட்டுக்கொள்கிறேன். முதலில் ஒரு காரியம். உன் பேரில் பாங்கில் கிடக்கும் மூவாயிரத்தை எடுப்பதற்கு அப்பா ஒரு பாரம் அனுப்பியிருப்பார். கையெழுத்துப் போடாதே. போட்டு அனுப்பியிருந்தாலும் பயமில்லை, தபால்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், உன் கவர் என் கைக்குத்தான் வரும். ஏன் என்று கேட்பாய். பதினைந்து நாளாக இந்த வீட்டில் நடந்ததை எழுதுகிறேன், நிதானமாகப் படி.

நாலாம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் அப்பா துறைமுகத்துப் பக்கமிருந்து காரில் வரும்போது உப்பள ரோட்டில் ஒரு சைக்கிள்காரரை இடித்துவிட்டார். வீட்டுக்கு வந்து, ஒன்றுமில்லை கிருபா, முழங்காலில் சிராய்ப்பு, நம் அடுத்த தெரு வக்கீல் குமாஸ்தா ஜகந்நாதன் அங்கே நின்றார், அவரே ரிக்ஷா வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டார் என்று சொன்னார். சொல்லிவிட்டு வாளியில் தண்ணீர் எடுத்துக் காரைத் தானே கழுவினார். இருபது வருஷத்தில் அவர் கார் கழுவி நான் பார்த்ததில்லை, அப்போதே எனக்குச் சுருக்கென்றது. திங்கட்கிழமை காலையில் ஜகந்நாதன் வந்தார். அடிபட்டவர் பெயர் நல்லக்கண்ணு, உப்பளத்தில் வேலை, எலும்பு விரிந்துவிட்டது, மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது, சொந்தக்காரர்கள் போலீசுக்குப் போகிறேன் என்று நிற்கிறார்கள், இரண்டாயிரம் கொடுத்தால் நான் அமர்த்திவிடுகிறேன் என்றார். அப்பா மறுபேச்சில்லாமல் உள்ளே போய் ஐந்நூறு எடுத்து வந்து கொடுத்தார். கடைக்காரன் பத்துக் காசு குறைத்துக் கொடுத்தால் வெயிலில் திரும்பி நடக்கிற மனுஷன்! வியாழக்கிழமை மறுபடி வந்தார், ஆறு மாசம் வேலைக்குப் போக முடியாதாம், இப்போது மூவாயிரம் கேட்கிறார்களாம். டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்டேன், வக்கீலிடம் இருக்கிறது என்றார். நாங்களே போய் ஆளைப் பார்க்கிறோம் என்றேன், அங்கன நீங்க போகவே கூடாது, எல்லாரும் கொதிச்சுப் போயிருக்காங்க என்றார். என்னிடம் பேசும்போதெல்லாம் அவர் கண் அப்பாவிடமே இருந்தது, அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை உனக்குப் பாரம் போயிற்று என்று பிறகுதான் எனக்குத் தெரியும்.

மகளே, எனக்கு யார்மேல் சந்தேகப்படுவது என்றே தெரியவில்லை. குமாஸ்தா மேலா, அடிபட்டவன் நடிக்கிறானா, இல்லை அப்பா பெரிதாக எதையோ செய்துவிட்டு என்னிடம் மறைக்கிறாரா. ஆள் செத்தே போயிருப்பானோ என்றுகூட ஒரு நாள் நினைத்துவிட்டேன். கேட்டால், பணத்தைக் கொடுத்துத் தொலை, விடு என்பதோடு சரி. அதனால் பதின்மூன்றாம் தேதி, மாதர் சங்கத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி, உப்பள கேட்டில் பெயரைச் சொல்லி விசாரித்து, நல்லக்கண்ணு வீட்டுக்கே போய்விட்டேன். மாவுக்கட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. முழங்காலில் ஒரு துணிக்கட்டு, அவ்வளவுதான். அதையும் நம்பாமல் அவிழ்த்துக் காட்டச் சொன்னேன். அந்த மனுஷர் அவிழ்த்துக் காட்டினார், ஆறிக்கொண்டு வரும் புண். அப்போது எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு வாரம் உப்பு சுமக்கப் போகவில்லை, சைக்கிளின் முன்சக்கரம் வளைந்து சுவரில் சாய்ந்து கிடந்தது. அவர் மனைவி தேவகனி, எங்களுக்கு ஒரு காசும் வரல, ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லி அந்த ஆளு ஒரு வெள்ளைத்தாளுல இவரு கைநாட்டை வாங்கிட்டுப் போனாரு என்றாள். நான் எழுந்திருக்கும்போது நல்லக்கண்ணு சொன்னதைத்தான் உன்னிடம் அப்படியே சொல்ல வேண்டும்.

“அம்மா, நான் எதுவும் கேக்கல. ஆனா ஐயாவ இனி வண்டி ஓட்ட விடாதிய. நான் நேரா நின்னு கையக் காட்டுனேன். என்னையப் பாத்துக்கிட்டே வந்து இடிச்சாரு. நான் கீழ கெடக்கேன், எங்க விழுந்தான்னு என் பக்கத்துல நின்னே கேக்காரு.”

பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அன்று சாயங்காலம் அப்பாவிடம், நான் நல்லக்கண்ணுவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அதற்கு அவர், ஒரு வருஷமாக இரண்டு கண்ணும் புகை மூடினாற்போல் இருக்கிறது, வெளிச்சம் மங்கினால் ஆளே தெரியவில்லை, போலீஸ் என்று போனால் லைசென்ஸ் போய்விடும், ஊர் சிரிக்கும் என்றார். ஜகந்நாதன் அதைச் சம்பவ இடத்திலேயே மோப்பம் பிடித்துவிட்டு, கண் தெரியாமல் ஓட்டினால் ஜெயில் என்று தனியே மிரட்டியிருக்கிறார். முந்தாநாள் மீதிப் பணத்துக்கு அவர் வந்தபோது நல்லக்கண்ணுவையும் தேவகனியையும் வரவழைத்து முன் அறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தேன். பார்த்ததும் மனுஷருக்கு முகம் வெளுத்துவிட்டது. கைநாட்டுத் தாளைக் கொண்டுவந்தால்தான் ஆயிற்று, இல்லையென்றால் நானே போலீசுக்குப் போகிறேன், கண் விஷயத்தையும் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அரை மணியில் தாளோடு வந்தார், முந்நூறைத் திருப்பினார், மீதி செலவாகிவிட்டதாம். தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். நல்லக்கண்ணுவுக்குப் புதுச் சக்கரமும் ஒரு வாரக் கூலியும், மேலே ஐம்பதும் கொடுத்து, எங்கள் பாஸ்டர் ஐயாவையும் பக்கத்து வீட்டு அந்தோணியம்மாளையும் சாட்சி வைத்து எழுதி வாங்கிவிட்டோம். அவர் ஐம்பதை வேண்டாம் என்றார், தேவகனிதான் வாங்கிக்கொண்டாள்.

நீயும் அங்கே ஸ்கூட்டர் ஓட்டுகிறாய். ஏதாவது ஆனால் அடிபட்ட ஆளை நீயே போய்ப் பார், நடுவில் ஒருவன் நின்று பேச விடாதே, டாக்டர் சீட்டைக் கண்ணால் பார்க்காமல் பணத்தை எடுக்காதே. கார்ச் சாவி என் பீரோவில் இருக்கிறது. அப்பாவிடம் இன்னொரு சாவி இருக்குமோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான், அதனால் வாசல் கேட்டையும் பூட்டி வைக்கிறேன். அடுத்த மாதம் திருநெல்வேலிக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போக ஒத்துக்கொண்டார். உங்கள் டாக்டரிடம் இந்த வயதில் ஆபரேஷன் தாங்குமா என்று கேட்டு எழுது, சர்க்கரை இல்லை, பிரஷர் கொஞ்சம் உண்டு.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வேளைக்குச் சாப்பிடு, குளிர் தொடங்குமுன் கம்பளி வாங்கிக்கொள். ஒன்று மறந்துவிடாதே, இனிமேல் அப்பாவுக்குக் கடிதம் போடும்போது எழுத்தைப் பெரிசு பெரிசாக எழுது. ஏன் என்று அவரிடம் சொல்லாதே. ஒரு வருஷமாக உன் கடிதங்களை மடியில் வைத்துப் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாரே தவிர, ஒன்றைக்கூட அவர் படிக்கவில்லை என்று நேற்றுத்தான் என்னிடம் சொன்னார்.

இப்படிக்கு உன் அம்மா,
கிருபாபாய் தேவபிரசாதம்