ஜன்னலோரக் கட்டில்

இன்று சலவைக்காரர் வெகுநாளைக்குப் பிறகு நம் நர்ஸ் தொப்பிகளுக்குக் கஞ்சி போட்டுக் கொண்டு வந்திருக்கிறார். மூட்டையைப் பிரித்ததும் அந்தப் புளித்த வாசனை. உடனே உன் ஞாபகம். அரிசிக்கு ரேஷன் வந்து, தொப்பிகள் துவண்டு காதில் விழுந்த நாட்களில், "சோத்துக்கே அரிசி இல்லை, தலைக்கு எதுக்குடி கஞ்சி?" என்று நீ கேட்டாய். மேட்ரனே சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சிரிக்க அப்போது என்ன இருந்தது? யுத்தம் வந்ததும் நம்மோடு படித்தவர்கள் ஒவ்வொருவராகப் பட்டாளத்து ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விட்டார்கள். அங்கே சம்பளம் கூடுதல். கல்யாணம் ஆனவர்களை நம் ஆஸ்பத்திரியே அனுப்பிவிட்டது. தாலி ஏறினால் வேலை இல்லை. பெண்கள் வார்டில் பகலுக்கு நீ, இரவுக்கு நான் என்று ஆயிற்று. வேலை கைமாறும் நேரத்தில் ஒரே பாத்திரத்தில் மோர்சாதம் சாப்பிடுவோம். நாம் பேசிக்கொண்டதெல்லாம் அப்போதுதான்.

எனக்கும் பூனா பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து உத்தரவு வந்தது. பெட்டி கட்டினேன். இங்கேயே இருப்பதுதான் கடமை என்றார் மேட்ரன், தியாகம் என்றார் பெரிய டாக்டர். எனக்கு எரிச்சலாக வந்தது. கூட ஓர் ஆளைப் போடுவது மட்டும் யாருடைய கடமையும் இல்லையா? நீ உபதேசம் எதுவும் செய்யவில்லை. பாத்திரத்தைத் திறந்து வைத்துவிட்டு, "நீ போயிட்டா நான் யாரோடடி சாப்பிடறது?" என்றாய்.

ஸ்ரீரங்கத்தில் உனக்கு வீடு இருந்தது. ஆனால் சின்ன வயதில் விதவையான பெண் நர்ஸ் வேலைக்குப் போனதை உன் வீட்டார் மன்னிக்கவே இல்லை. லீவு நாளில் நீ காவேரியில் முழுகிவிட்டுப் போனாலும் வாசல் ரேழியில் உனக்குத் தனியாகத்தான் இலை போடுவார்கள். அது எனக்குத் தெரியும். பெட்டியை அவிழ்த்துவிட்டேன்.

அந்தக் கோடையில் வார்டில் டைபாய்டு பரவி உனக்கும் வந்தது. அத்தனை பேரையும் பார்த்துக்கொண்டு உன்னையும் பார்த்தேன். நான் திரும்பி வருவதற்குள் உன் நெற்றியில் போட்ட ஈரத்துணி காய்ந்து போயிருக்கும். என்னை இருக்கச் சொல்லிவிட்டு நீ போய்விட்டாயே என்று உன்மேல் எனக்குக் கோபம். இன்னும் தீரவில்லை.

நர்ஸ் விடுதியில், நம் அறையின் ஜன்னலோரத்தில் இருந்த உன் கட்டிலை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன். போன வாரம், புதிதாக வந்த துறையூர்ப் பெண் வேலையை விடுவதாகச் சொன்னாள். "நீ பேசிப் பாரேன்" என்று மேட்ரன் என்னை அனுப்பினார்.

"வேலை கஷ்டமெல்லாம் பரவாயில்லைங்க சிஸ்டர். டியூட்டி முடிஞ்சு வந்தா பேச ஒரு ஆள் இல்லீங்க. சுத்தி எல்லா ரூமும் பூட்டிக் கிடக்கு" என்றாள் அவள்.

கடமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் கட்டில்மேல் மடித்து வைத்திருந்த உன் புடவைகளை எடுத்தேன். "படுக்கையை இங்க எடுத்துட்டு வாம்மா" என்றேன். வந்தவள் குப்புறப் படுத்துத் தூங்கிவிட்டாள். அது யார் கட்டில் என்று அவள் கேட்கவில்லை. நான் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதேன்.

அவள் நிலைப்பாளா, தெரியாது. இதோ, இப்போதும் தூங்குகிறாள். லேசாகக் குறட்டை விடுகிறாள். நீ விடமாட்டாய். அந்தச் சத்தத்தில்தான் நீ இல்லை என்பது எனக்கு நன்றாக உறைக்கிறது. பசிக்கிறது. ஆனாலும் அவள் எழுந்திருக்கட்டும் என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.