மீனைப் பழிக்கும் வாய்

ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை

என் வீட்டுக்காரரின் கண்புரை ஆபரேஷனைப் பற்றிக் கேட்க இன்று சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸில் இரண்டு வகை காட்டினார்கள். நல்லதற்கு விலை ஜாஸ்தி. கடலூர் துறைமுகத்தில் மீன் எடுத்து விற்கிற வாய் என்னுடையது. வாங்கும்போது விலை இறங்க வேண்டுமென்றால் மீனைப் பழிப்போம். கண்ணு குழிஞ்சிபோச்சு, செவுளு வெளுத்துபோச்சு என்போம். அங்கேயும் இந்த வாய் சும்மா இருக்கவில்லை.

"கடலுக்குப் போறதயே வுட்டுட்டாரும்மா. இனிமே என்னாத்த பாக்கப் போறாரு?" என்றேன் நர்ஸிடம்.

வீட்டுக்காரர் என் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார்.

நர்ஸ் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. மட்டமானதையே வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவர் கிழிந்து கிடந்த வலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஊசியை எடுத்தார்.

"பாருடி, எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது" என்றார்.

ஒரு முடிச்சுகூட இடத்தில் விழவில்லை.

"நல்லாத்தான் கட்டியிருக்கீங்க" என்றேன்.

கெட்டுப்போன மீனை விற்கும்போது நான் பேசுகிற குரல் அது. அவருக்கும் அந்தக் குரல் தெரியும்.