நீ கொண்டுபோன பிளேட்

என் ஆசை லூர்து,

அங்கேயும் யார் வீட்டுக் கல்யாணத்திலாவது நின்றுகொண்டு, "லைட்டைத் தூக்கிப் புடி, ஜெசிந்தா" என்று கத்துகிறாயா? இங்கே என்னைப் பார்த்துக் கத்த ஆள் இல்லை.

உன்னைக் காசிமேடு கல்லறையில் வைத்த மூன்றாவது வாரம் திருவொற்றியூர் கல்யாணம் வந்தது. நீ ஒத்துக்கொண்ட வேலை. வீடியோவை நானே எடுக்கிறேன் என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் உன் பக்கத்தில் நின்றவளுக்குத் தெரியாதா? அது நன்றாக அமைந்துவிட்டால் உன் தொழிலை நானே நடத்தலாம், யார் வாசலிலும் போய் நிற்கவேண்டாம் என்று ஓர் ஆசை.

கிளம்பும்போது பையைத் திறந்தால் பிளேட்டைக் காணோம். கேமராவுக்கு அடியில் திருகி, மூணு கால் ஸ்டாண்டின் தலையில் டக்கென்று மாட்டுவாயே, அந்தச் சின்ன பிளேட். அது இருக்கவேண்டிய இடத்தில் உன் ஜெபமாலை டப்பா கிடந்தது.

அப்புறம்தான் உறைத்தது. உன்னைப் பெட்டியில் வைக்கும்போது கல்யாணக் கோட்டில் பட்டன் போட முடியவில்லை என்று, வேலைக்குப் போகிற நீலச் சட்டையைத்தானே உனக்கு மாட்டிவிட்டேன்? பாக்கெட்டில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. ஜெபமாலை டப்பா என்று நினைத்து, உன்னோடு போகட்டும் என்று விட்டுவிட்டேன். வேலை முடிந்ததும் பிளேட்டைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வாயே, அது எனக்கு அப்போது ஏன்யா தோன்றவில்லை?

வேறொரு பிளேட்டை இரவல் வாங்கி மாட்டினேன். உட்கார்ந்தது, பூட்டிக்கொள்ளவில்லை. டேப்பைச் சுற்றிக் கட்டினேன். மோதிரம் மாற்றுகிற நேரம் லைட்டைத் திருப்பப் போனேன். அதற்குள் கேமரா தலையைத் தொங்கப்போட்டுவிட்டது. கேசட்டைப் பார்த்த பெண்ணின் அப்பா, "இன்னாமா இது, எம்பொண்ணு மூஞ்சியே காணோம், வெறும் செருப்பாத்தான் கீது" என்றார். திட்டியிருந்தால் தேவலை, அந்த மனுஷன் அழுதுவிட்டார். அதற்கப்புறம் யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

பர்மா பஜாரில் கேட்டுப் பார்த்தேன். "பழைய மாடலுக்கா இது, இந்த பிளேட்டு இப்போ வர்றதேயில்ல. ஸ்டாண்டையே மாத்திக்கோ" என்றான் கடைக்காரன். மாற்ற வழியுமில்லை, மனசுமில்லை. இப்போது இறால் உரிக்கப் போகிறேன். விரலெல்லாம் வெட்டு. கேமராவைத் தொடவே பிடிக்கவில்லை.

கல்லறைத் திருநாளுக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டுவருவேன். பிளேட்டுக்காகக் குழியைத் திறக்கச் சொல்லமாட்டேன், பயப்படாதே. அந்தக் குழி இனி ஒரே ஒரு தடவைதான் திறக்கும், எனக்காக. அதுவரைக்கும் உன் ஸ்டாண்டை எடைக்குப் போடமாட்டேன், சத்தியம். நான் வரும்போது பிளேட் உன் பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.

உனக்கு லைட் பிடித்த பொண்டாட்டி,
ஜெசிந்தா